மறைக்கும் பூச்சு: கிரமோனா வார்னிஷும் ‘இரகசியம்’ என்கிற கதையாடலும்

நண்பர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து அவருடைய தாத்தாவின் ஃபிடிலை இறக்கினார்கள். தந்தி இல்லை, குதிரை இல்லை, ஒரு பிரடை சுழலாமல் இறுகிக் கிடந்தது. மேல்பலகையின் ‘எஃப்’ துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுத்துப்போன ஒரு காகிதம். லத்தீனில் அச்சடித்திருந்தது: கிரமோனாவைச் சேர்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்தது, ஆண்டு 17... நண்பருக்குக் கை நடுங்கிவிட்டது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு வரி இருந்தது. ‘மேட் இன் ஜெர்மனி’. இத்தாலிக்காரர் தன் பெயருக்குக் கீழே எதற்காக ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று எழுதிக்கொள்கிறார் என்று கேட்டேன். நண்பர் கோபித்துக்கொண்டார். “நீ வார்னிஷைப் பார், அது பொய் சொல்லாது” என்றார்.

வார்னிஷ் பொய் சொல்லுமா சொல்லாதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வடஇத்தாலியின் கிரமோனா நகரில் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஆந்த்ரேயா அமாத்தி தொடங்கிய பட்டறை மரபு, குவார்நேரி குடும்பம், ஸ்ட்ராடிவாரி குடும்பம் என்று கிளைத்து, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓய்ந்துபோகிறது. ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். கூடவே உழைத்த பிள்ளைகள் ஒமோபோனோவும் ஃபிரான்செஸ்கோவும் 1742, 1743இல் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அறுபதை ஒட்டிய வயதுவரை அப்பன் பெயர் போட்ட லேபிளின் கீழேயே வேலை செய்த மனிதர்கள். இந்தக் கருவிகளின் இனிமைக்குக் காரணம் ஏதோ ஓர் இரகசிய வார்னிஷ், அது அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டது என்பதுதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. எப்போதும் இருந்துவந்ததுபோல் தோன்றும் இந்த இரகசியத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. பிறந்த இடம் கிரமோனா அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சந்தை.

1775வாக்கில் கோசியோ என்கிற பிரபு, ஸ்ட்ராடிவாரியின் இன்னொரு மகனான பாவ்லோவிடமிருந்து பட்டறையில் மிஞ்சியிருந்த அச்சுகள், கருவிகள், காகித வரைவுகள் எல்லாவற்றையும் விலைபேசி வாங்கினார். ஒரு தொழில், சேகரிப்பாளரின் சொத்தாக மாறிய தருணம் அது. பிறகு தரிசியோ என்கிற வியாபாரி வருகிறார். இத்தாலியில் தேடித்தேடி வாங்கிய பழைய வயலின்களைப் பாரிசுக்குக் கொண்டுபோய் விற்றவர். 1854இல் அவர் செத்ததும் பாரிசின் பெரிய வயலின் பட்டறைக்காரரும் வியாபாரியுமான வியோம், அவசர அவசரமாகப் போய் நூறுக்கும் மேற்பட்ட கருவிகளை உறவினர்களிடமிருந்து மொத்தமாக வாங்கினார். அதில் ஒன்று 1716ஆம் ஆண்டைய ‘மெசையா’. அதிகம் வாசிக்கப்படாததால் வார்னிஷ் அப்படியே இருக்கிறது என்பதுதான் அதன் புகழ். இன்று ஆக்ஸ்ஃபோர்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒலிக்காமல் இருப்பதே ஓர் இசைக்கருவியின் மதிப்பு ஆகிவிட்டது, பாருங்கள்.

இந்த வியோம்தான் பழைய கருவிகளைப் பிரதியெடுப்பதில் கெட்டிக்காரர். வடிவத்தை மட்டுமல்ல, தேய்மானத்தையும். இருநூறு வருஷம் வாசித்தவனின் தாடையும் தோளும் உள்ளங்கையும் பட்டு வார்னிஷ் எங்கெல்லாம் உதிர்ந்திருக்குமோ, அங்கெல்லாம் புதுக் கருவியிலேயே தேய்த்து எடுத்துவிடுவது. அப்புறம் இது எல்லாப் பட்டறைகளுக்கும் வழக்கமாயிற்று. இல்லாத ஒரு கலைஞனின் கையை, பெயரில்லாத ஒரு தொழிலாளியின் கை வரைகிறது.

தேவை உண்டானபின் கதைக்கா பஞ்சம்? சார்லஸ் ரீட் என்கிற ஆங்கில நாவலாசிரியர் 1872இல், தொலைந்த கிரமோனா வார்னிஷைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகையில் எழுதினார். ஸ்ட்ராடிவாரி வம்சத்தில் வந்த ஜாக்கோமோ என்பவரோ, 1704ஆம் ஆண்டு தேதியிட்டுக் குடும்ப பைபிளின் அட்டைக்குள் எழுதப்பட்டிருந்த செய்முறையைத் தான் நகலெடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். மூலப் பிரதி? அந்த பைபிள்தான் அழிந்துவிட்டதே. நகலை யாருக்கும் காட்டவும் மாட்டார். பிரதி இல்லாத பிரதியின் அதிகாரம் என்று நம் கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2009இன் இறுதியில் பாரிஸ் இசை அருங்காட்சியகத்தின் ஐந்து ஸ்ட்ராடிவாரி கருவிகளை ஆராய்ந்த எஷார் குழுவினரின் முடிவு வெளியானது. மரத்தின் மேல் முதலில் நிறமில்லாத எண்ணெய்ப் பூச்சு. அதன்மேல் எண்ணெயும் பைன் பிசினும் சேர்ந்த மெல்லிய பூச்சு. நிறத்துக்கு இரும்புக் காவி, சிலவற்றில் கொச்சினீல் என்னும் பூச்சிச் சிவப்பு. அவ்வளவுதான். அந்தக் காலத்து ஓவியனும் மரச்சாமான் செய்பவனும் கடையில் வாங்கிய அதே சரக்கு. அரிய பொருள் எதுவும் இல்லை. இதோடு வாதம் முடிந்துவிடவில்லை. மரத்துக்குள் இருக்கும் போராக்ஸ், படிகாரம் போன்ற உப்புகளைக் காட்டி, விஷயம் மரத்தைப் பதப்படுத்தியதில்தான் இருக்கிறது என்று நாட்ஜ்வாரி போன்ற வேதியியலாளர்கள் சொல்லிவருகிறார்கள். இருக்கலாம். ஆனால் 2012இல் வெளியான ஒரு சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து, மூன்று பழைய கருவிகளையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் சொன்னார்கள். வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று தாடைக்கட்டையில் சென்ட் வேறு தடவியிருந்தார்களாம். பெரும்பாலோர் கையில் எடுத்துக்கொள்ள விரும்பியது புதியதைத்தான். அதிகமாக ஒதுக்கப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஆனால் முந்தைய வருஷம்தான், 2011இல், ‘லேடி பிளண்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரி 1.59 கோடி டாலருக்கு ஏலம் போயிருந்தது. காது சொல்வது ஒன்று, சந்தை சொல்வது இன்னொன்று.

அப்படியானால் எதுவுமே தொலையவில்லையா? தொலைந்தது. அது செய்முறை அல்ல, நேரம்.

ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி, பிசினை உருக்கிச் சேர்த்து, தீப்பிடிக்காமல் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். மெல்லிசாகப் பூசி, வெயிலில் தொங்கவிட்டு, காய்ந்தபின் அடுத்த கை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நாட்கள், மழைக்காலமானால் வாரங்கள். ஸ்ட்ராடிவாரி 1708 ஆகஸ்டில் எழுதிய ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. பழுதுபார்க்க வந்த ஒரு வயலினைத் தாமதமாக அனுப்புவதற்கு மன்னிப்புக் கேட்கிறார். வெடிப்புகளை வெயில் மறுபடி பிளந்துவிடாதபடி வார்னிஷ் செய்ய நாளாகிவிட்டதாம். கூலியாக ஒரு ஃபிலிப்போ நாணயம் கேட்டு, வேலைக்கு இதைவிட அதிகம் தகும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மாமேதையின் குரலா இது? ‘நாளைக்கு வாங்க சார்’ என்கிற நம் ஆசாரியின் குரல்தான். சாராயத்தில் பிசினைக் கரைக்கும் ஸ்பிரிட் வார்னிஷ், பூசின கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். வியாபாரிக்கு வேண்டியது அதுதான். எண்ணெய் வார்னிஷை யாரும் புதைக்கவில்லை, காத்திருக்கக் கட்டுப்படியாகவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த அவசரத்தின் ஊர்கள் மிர்கூரும் மார்க்நாய்கிர்கெனும். மிர்கூர் பிரான்சில் இருக்கிறது, வியோமின் சொந்த ஊர். மார்க்நாய்கிர்கென் ஜெர்மனியின் சாக்சனியில். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பொஹீமியாவிலிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்ட் கைவினைஞர்கள் பன்னிரண்டு பேர் 1677இல் அங்கே தொழிற்சங்கம் போல ஒரு கில்டு அமைத்தார்கள். இருநூறு வருஷத்தில் நிலைமை தலைகீழ். ஒரு குடும்பம் கழுத்து மட்டும் செதுக்கும், இன்னொன்று பிரடை, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் உடற்பெட்டி. எல்லாம் டஜன் கணக்கில். சேர்த்து, பூசி, லேபிள் ஒட்டி உலகெங்கும் அனுப்புகிற வியாபாரிக்குத்தான் மாளிகை. அமெரிக்கா அந்தச் சின்ன ஊரில் 1893இலிருந்து 1916வரை ஒரு துணைத்தூதரகமே வைத்திருந்தது என்றால் வியாபாரத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். 1887இல் பிரிட்டனும் 1890இல் அமெரிக்காவும் போட்ட சட்டங்களால்தான் செய்த நாட்டின் பெயர் லேபிளுக்குள் நுழைந்தது. நண்பரின் ஃபிடிலில் உள்ள அந்தப் பொடி எழுத்து அப்படி வந்ததுதான். உழைத்தவனின் பெயரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

வார்னிஷின் நிறத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. கொச்சினீல், மெக்சிகோவின் ஓஹாகா பகுதிப் பழங்குடிகள் கள்ளிச்செடியில் வளர்த்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்த பூச்சி. ஒரு பவுண்டு சாயத்துக்கு எழுபதாயிரம் பூச்சிகள். ஸ்பானிய முடியாட்சிக்கு அந்த மண்ணிலிருந்து வெள்ளிக்கு அடுத்தபடி வந்த பெரும் வருமானம் இது. (இதைப் பார்த்து வயிறெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவரின் பொறுப்பில் கள்ளித்தோட்டமே போட்டது. 1795இல் வந்து சேர்ந்தது தரம் குறைந்த சாயம் தரும் வேறு இனப் பூச்சி. நல்ல சாயம் கிடைக்கவில்லை, கள்ளிதான் அழிந்தது.) ஸ்பிரிட் வார்னிஷுக்கு வேண்டிய அரக்கு நம் பக்கத்துச் சரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை மரக்கிளைகளிலிருந்து ஆதிவாசிகள் உரித்தெடுத்தது, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. அதை யாரும் இரகசியம் என்று சொல்லவில்லை. மலிவாகக் கிடைப்பதற்கு இரகசியம் எதற்கு?

நண்பரின் ஃபிடிலில் ஓரமாகக் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பார்த்தோம். உடனே பிசுபிசுத்தது. எண்ணெய் வார்னிஷ் அப்படிச் சட்டென்று இளகாது. தாடை படும் இடத்தில் தேய்ந்திருப்பது தாத்தா வாசித்துத் தேய்ந்ததா, சாக்சனியில் யாரோ தேய்த்து அனுப்பியதா என்று அவர் கேட்டார். தாத்தா எந்தப் பக்கம் தாடையை வைப்பார் என்று வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.