தேர்வுக்குள் ஒளியும் பிழை: மன்னார் வளைகுடா முத்துப் பார்களின் மதிப்பீடு

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணி, தருவைகுளம் பக்கத்துக் கடலோரத்தை இன்று உப்பளமும் மீன்பிடிப்பும் வாழவைக்கின்றன. அதே கடலில் கரைக்கு வெகுதூரத்தில் முத்துச் சிப்பி படரும் பார்கள், அதாவது கடலடித் திட்டுகள், உள்ளன; தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சியில் சலாபம் (முத்துக்குளிப்பு) அறிவிக்குமுன் இப்பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளுக்கு விலை கட்டுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று வரும் அந்த மதிப்பு, சலாபம் நடத்துவதா வேண்டாமா என்ற முடிவில் பெரும்பங்கு வகித்தது.

அந்த எண்ணில் எவ்வகைப் பிழைகள் இருந்தன? விலை கட்டுவோர் ஒரே முத்துக்கு வெவ்வேறு மதிப்புச் சொல்வது அளவைப் பிழை. சிப்பிகள் திட்டுத் திட்டாகப் படர்வதால், ஒரு மூலையில் எடுத்த மாதிரி பார் முழுமைக்கும் பேசாது. இது கூறெடுப்புப் பிழை. இரண்டும் அக்காலத்தவர் அறிந்தவையே. முத்தின் விலைப் பரவலோ இன்னும் வில்லங்கமானது. மொத்த மதிப்பில் பெரும்பகுதி மிகச் சில பெரிய முத்துகளில் குவிகிறது. 10,000 சிப்பிக்குச் சராசரியாக ஒரு பெரிய முத்து என்று வைத்துக்கொள்வோம். 3,000 சிப்பி மாதிரியில் அது அறவே அகப்படாமல் போகும் வாய்ப்பு சுமார் 74 விழுக்காடு. அகப்பட்டுவிட்டாலோ, அதன் பங்கு உண்மையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் தெரியும். ஆக, பல மாதிரிகளின் சராசரி சரியாக இருந்தாலும், தனி மாதிரி பெரும்பாலும் குறைத்துச் சொல்லும். எப்போதாவது வெகுவாக மிகைத்துச் சொல்லும்.

இதுவரை சொன்னது பாடநூல் விஷயம். என் வாதம் அடுத்த படியைப் பற்றியது. மாதிரி நன்றாக வந்தால் மட்டுமே சலாபம் என்ற விதி, மிகைத்துச் சொன்ன மாதிரிகளையே வடிகட்டி முன்னிறுத்துகிறது. எல்லா மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்தால் சாய்வற்ற மதிப்பீடு, தேறியவற்றை மட்டும் பார்த்தால் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. முடிவு எடுத்த பிறகு, அம்முடிவுக்குத் தொடர்பில்லாத இரண்டாவது மாதிரி ஒன்றை எடுத்தால்தான் இச்சாய்வு தெரியும். வங்காளச் சணல் அளவாய்வுகளில் புள்ளியியலாளர் மஹலனோபிஸ் கையாண்ட, ஒரே பரப்பைத் தனித்தனிக் குழுக்கள் சாராமல் அளக்கும் முறை, ஏறக்குறைய இந்தத் தேவைக்கே பொருந்தும்.

இதே வடிகட்டல் ஆண்டுகளின் அளவிலும் நடந்தது. வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள இலங்கைப் பார்களில் 1892 முதல் 1902 வரை சலாபமே இல்லை. 1903இல் தொடங்கிய நல்ல காலம் 1905இல் உச்சம் தொட்டது. அவ்வாண்டில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906இல் லண்டன் முதலீட்டாளர்களின் நிறுவனமொன்று, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் கைவிரித்தன. 1912இல் நிறுவனம் கலைக்கப்பட்டது.

இதைப் பேராசை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. 1905இன் வருவாயோடு ஒப்பிட்டால் அந்த வாடகை சிறிய தொகைதான்; சராசரியை மட்டும் நம்பியவருக்கு அது பாதுகாப்பாகவே தோன்றியிருக்கும். கடல் உயிரியலாளர் ஹெர்ட்மனின் ஆய்வறிக்கையும் இளஞ்சிப்பிகளை இடம்பெயர்த்தால் விளைச்சல் சீராகும் என்று நம்பிக்கை தந்தது. தவறியது சராசரி மட்டுமல்ல, ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளும்தான். சிப்பி பறிக்கும் பருவம் அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். சூரன் என்னும் மட்டி படர்ந்து மூடினாலோ, திருக்கை மேய்ந்தாலோ, நீரோட்டம் இளம்புழுக்களை வேறெங்கோ கொண்டுபோனாலோ, ஒரு தலைமுறைச் சிப்பியே போய்விடும். அதோடு பல ஆண்டுகளும் சேர்ந்தே வறண்டுபோகும். மாதிரிச் சிப்பிகளை எத்தனை மடங்கு கூட்டினாலும் இப்பிழை ஒரு துளியும் குறையாது.

தூத்துக்குடித் தரவும் இதே கேள்வியை எழுப்புகிறது. 1928க்குப் பின் 1955 வரை சலாபம் இல்லை, 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது, பிறகு இல்லை. சலாபம் நடந்த ஆண்டுகளை மட்டும் அட்டவணையிட்டு மாதிரியுரு பொருத்துவோர், வெற்று ஆண்டுகளைத் 'தரவு இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். அவை பூச்சியம் என்ற மதிப்புடைய தரவுகள். அவற்றைச் சேர்த்ததும் சராசரி இறங்குவதோடு, பிழை எல்லையும் அகன்று, ஏழாண்டுத் தொடர் ஏழு தனிச் சான்றுகள் என்ற கணக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகிறது.