சிக்னலுக்கு முன்னால் வந்த பாட்டு

கைத்தொலைபேசி நிறுவனங்கள் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. தேயிலை என்றால் உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கலாம். அலைவரிசையை எப்படிக் காட்டுவது? அதனால்தான் இந்தத் தொழில் ஆரம்பத்திலிருந்தே பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஸ்பெயின் நாட்டு கித்தார் கலைஞர் பிரான்சிஸ்கோ தார்ரேகா 1902இல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற இசையிலிருந்து சில நொடிகளை நோக்கியா தன் விளம்பரத்துக்கு எடுத்தது. 1994இல் வந்த 2110 ரகப் போனில் அதுவே மணியோசை ஆனது. தார்ரேகா 1909இலேயே இறந்துவிட்டார். தன் இசை பேருந்திலும் சாவு வீட்டிலும் நேரம் காலம் இல்லாமல் ஒலிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மலேசியாவில் என் வயதுக்காரர்களிடம் 'ஐ வில் ஃபாலோ ஹிம்' மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். "அட, டிஜி பாட்டு!" என்பார்கள். 2000களின் நடுவில் டிஜி நிறுவனம் மஞ்சள் மனிதன் ஒருவனை விளம்பரத்தில் இறக்கியது. வாடிக்கையாளர் எங்கே போனாலும் உருண்டு திரண்ட அந்த மஞ்சள் உருவம் கூடவே போகும். பாட்டில் 'அவனை' என்ற இடம் 'உன்னை' என்று மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மெட்டின் பயணம் நீண்டது. பிரான்சின் ஃபிராங்க் பூர்செல், பால் மோரியா இருவரும் 1961இல் 'ஷாரியோ' என்ற பெயரில் அதை இசைத்துண்டாகப் போட்டார்கள். அடுத்த ஆண்டு பெட்யுலா கிளார்க் பிரெஞ்சு வரிகளோடு பாடினார். 1963 ஏப்ரலில் ஆங்கில வரிகளோடு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனபோது பாடிய லிட்டில் பெகி மார்ச்சுக்கு வயது 15. 1992இல் 'சிஸ்டர் ஆக்ட்' படத்தில் கன்னியாஸ்திரிகள் அதையே பாட, காதலன் கடவுளாகிவிட்டான். பிறகு எங்கள் நாட்டில் கடவுளின் இடத்துக்கு வாடிக்கையாளர் வந்தார்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆண்டாள் காலத்திலிருந்து காதலும் பக்தியும் ஒரே மொழியில் பாடப்பட்டவைதான். ஆனால் நாயகி பாவத்தில் ஏங்கிப் பின்னால் போவது பக்தன். விளம்பரத்தில் பின்னால் வருவது நிறுவனம். பணம் கட்டுகிறவன் தலைவனாகிவிடுகிறான், டாப் அப் தீரும்வரை.

இதே காலத்தில் இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் புது மெட்டைத் தேடிப் போயின. 2002இல் ஏர்டெல்லுக்கு ஏ. ஆர். ரகுமான் போட்ட சிறு மெட்டு கோடிக்கணக்கான போன்களில் ஒலித்தது. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் பக் வகை நாய்க்குட்டி ஒன்று சிறுவன் பின்னாலேயே நடந்தது. அதற்கும் தனியாக எழுதிய பாட்டுதான். 2011இல் அமிதாப் பட்டாச்சார்யா எழுதி ராம் சம்பத் இசையமைத்த ஏர்டெல்லின் நட்புப் பாட்டு, விளம்பரத்திலிருந்து இறங்கிக் கல்லூரி மேடைகளுக்கே போய்விட்டது. பல இனமும் பல மொழியும் உள்ள நாட்டில் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாத பழைய மெட்டு வசதியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் நாய்க்குட்டியும் மஞ்சள் மனிதனும் கொடுத்த வாக்கு ஒன்றே: நீ போகுமிடமெல்லாம் அலை வரும்.

பொறியியல் படித்த பிறகுதான் அந்த வாக்கின் எடை எனக்குப் புரிந்தது. டிஜி 1995இல் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. மேக்சிஸ், செல்கோம் இரண்டின் கையிலும் 900 இருந்தது. அலைவரிசை உயர உயர எட்டும் தூரம் குறையும், தடைகளைத் தாண்டும் சக்தியும் குறையும். ஒரே பரப்பை மூட 1800க்கு அதிகக் கோபுரங்கள் வேண்டும். சந்தேகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாட்டு வேண்டும். 'நானும் எல்லா இடத்துக்கும் வருவேன்' என்று உரக்கச் சொல்லவேண்டிய தேவை அந்த நிறுவனத்துக்குத்தான் கூடுதலாக இருந்தது.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பாட்டு கேட்ட விதமே வேறு. போ நிறுவனம் 1929இல் தொடங்கியது. தமிழ்த் தொழிலாளர்கள் காட்டை அழித்துச் செடி நட்டார்கள். லயங்கள் எழுந்ததோ பெரும்பாலும் பள்ளத்தாக்குகளில். குளிருக்கும் தண்ணீருக்கும் அது சரி, ரேடியோ அலைக்கு அது மோசமான இடம். கைத்தொலைபேசிக்குக் கோபுரம் ஏறக்குறைய நேர்ப்பார்வையில் இருக்கவேண்டும். நடுவில் ஒரு மலைத்தோள் வந்தால் போதும், அதன் பின்புறம் முழுக்க நிழல்தான். தொலைக்காட்சிக்கு இந்தத் தொல்லை குறைவு. சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையுச்சியிலேயே ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. 1996இல் அஸ்ட்ரோ வந்தபின் வானத்தைப் பார்த்த ஒரு தட்டு போதுமென்றாகிவிட்டது.

அதனால் எங்கள் பக்கத்தில் வரிசை தலைகீழானது. சிக்னல் வருவதற்கு முன்னால் சிக்னலைப் பற்றிய பாட்டு வந்துவிட்டது. பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுவோம். பேசவேண்டுமென்றால் பெரியவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடப்பார்கள். எந்த நிறுவனத்து அட்டை என்பதெல்லாம் கணக்கில்லை, மலைக்கு எல்லாரும் ஒன்றுதான். ஜன்னல் கம்பியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில் போனைத் தொங்கவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசிய வீடுகள் உண்டு. ரகசியம் என்பதே கிடையாது. மகள் ஈப்போவில் அழுதால் லயமே கேட்கும்.

ஆனாலும் அட்டை வாங்கினார்கள். முட்டாள்தனத்தால் இல்லை. பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முன் அவசரச் செய்தி என்றால் தோட்ட ஆபீசுக்கு வரும், கிராணி ஆள் அனுப்புவார். கைத்தொலைபேசி அந்த நடுவாளை எடுத்துவிட்டது. மண்டோருக்கோ கிராணிக்கோ தெரியாமல் தன் பிள்ளையோடு பேசமுடிவது சின்ன விடுதலை இல்லை. மஞ்சள் மனிதன் பின்தொடர்ந்தானோ என்னவோ, அம்மாக்கள் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பாட்டை நிஜமாக்கியது மேட்டுக்கு நடந்த அவர்களின் கால்கள்தான்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இணைய வகுப்பு தோட்டத்துக்கும் வந்தது. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்திலேறித் தங்கியதை நாடே பார்த்தது. அதே ஆண்டு அரசு ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. 2021 இறுதிக்குள் 3ஜி அணைக்கப்பட்டு எல்லாம் 4ஜிக்கு மாறவேண்டும் என்றானது. 2022 நவம்பரில் டிஜியும் செல்கோமும் இணைந்தன. இன்று பல லயங்களில் தமிழரைவிட வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் அதிகம். மாலையில் அவர்களும் போனோடு மேட்டுக்குத்தான் நடக்கிறார்கள்.

தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் எத்தனை ஏக்கர், எத்தனை கிலோ கொழுந்து, எத்தனை கோயில் என்று கேட்டுக் குறிக்கிறோம். இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: இந்தத் தோட்டத்தில் எந்த இடத்தில் நின்றால் பேச்சு கேட்டது? ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. அங்கே நின்று பேசியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்த மேடுகளை வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும்.