கோலும் தோலும்

வேட்டைச் சமுதாயம் என்றதும் நம் மனக்கண்முன் வில்லேந்திய ஆண்மகனே வந்து நிற்கிறான். அவன் கொணரும் இரைக்காகக் குகைவாயிலில் காத்திருப்பவளாகவே பெண்ணை எண்ணிப் பழகிவிட்டோம். பசித்த வயிறுகளை உண்மையில் நிரப்பியவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

அக்கேள்வியை எடை போட்டே பார்த்தவர் ரிச்சர்டு லீ என்னும் மானிடவியல் அறிஞர். போட்ஸ்வானாவின் வடமேற்கே, கலஹாரிப் பாலைநிலத்தில் உள்ள டோபே என்னுமிடத்தில் குங் மக்களிடையே 1963ஆம் ஆண்டு தம் ஆய்வைத் தொடங்கிய அவர், குடியிருப்புக்கு வந்து சேர்ந்த உணவை நாள்தோறும் நிறுத்துக் குறித்தார். இறைச்சியை விடக் கொட்டையும் கிழங்கும் கனியுமே எடையில் மிகுந்திருந்தன. அவற்றுள் பெரும்பகுதி பெண்கள் திரட்டியது. மொங்கொங்கோ என்னும் கொட்டையே அவர்களுடைய தலையாய உணவு.

அப்பெண்ணின் உடைமைகள் இரண்டு: நிலத்தைக் கிளறும் ஒரு தோண்டுகோல், தோளில் முடிந்த ஒரு தோலாடை. அத்தோலே அவளுக்கு ஆடை, அதுவே மூட்டை, அதுவே தொட்டில். நூற்றுக்கு மேற்பட்ட உண்ணத்தக்க தாவரங்களை அவள் அடையாளம் அறிவாள். மண்ணில் பதிந்த விலங்கின் தடத்தைப் படித்துவந்து வேட்டைக்காரரிடம் சொல்பவளும் அவளே. குழந்தைக்கு நான்கு வயது நிரம்புவதற்குள் தாய் அதனைச் சுமந்து நடக்கும் தொலைவு 7,800 கிலோமீட்டர் என்று லீ கணக்கிட்டார்! ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் ஏறத்தாழ நான்காண்டு இடைவெளி இருந்தது. நெடுநாள் இடையறாது பாலூட்டியமை அதற்கு ஒரு காரணம் என்பர்.

உழைப்புக்கேற்ற உரிமையும் அவளுக்கு இருந்தது. மணமகன் பெண் வீட்டாருடன் தங்கிப் பல்லாண்டுகள் அவர்களுக்காக வேட்டையாட வேண்டும். இளம்பருவத்தில் முடித்துவைத்த மணம் பிடிக்கவில்லையெனில் பிரிந்து செல்லவும் அவளால் முடிந்தது. ஆயினும் இதனைப் பொற்காலமென்று போற்றிவிடலாகாது. மார்ஜரி ஷோஸ்டாக் 1981இல் வெளியிட்ட நூலில் தன் வாழ்வைத் தானே கூறும் குங் பெண், தான் ஈன்ற மக்கள் அனைவரையும் சாவுக்குக் கொடுத்தவள். ஆசிரியை அவளுக்கு இட்ட புனைபெயர் நிசா. அரபியில் ‘நிஸா’ என்றால் பெண்கள் என்பதை அறிந்த நமக்கு அப்பெயர் சற்றே வியப்பளிக்கிறது.

குங் மக்கள் நம் காலத்தவரே. தொல்மாந்தரின் அச்சுப்படி அல்லர். பழங்காலத்தை அறிய மண்ணைத்தான் அகழ வேண்டும். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், வில்லமயா பட்ஷா என்னுமிடத்தில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழி கிடைத்தது. பெருவிலங்கு வேட்டைக்குரிய கல்முனைகளும் தோல் பதனிடும் கருவிகளும் அதில் இருந்தன. ஆண்மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றே எவரும் கருதுவர். பல் எனாமலில் எஞ்சிய புரதமோ அஃது ஓர் இளம்பெண் எனக் காட்டிற்று. இவ்வாய்வு 2020இல் வெளிவந்தது.

அப்படியாயின் பெண்ணின் நடமாட்டம் சுருங்கியது எப்போது? பட்ரீசியா டிரேப்பர் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. காட்டில் அலைந்த குங் மக்களையும், ஆடுமாடு வளர்த்து ஓரிடத்தில் குடியேறிய குங் மக்களையும் அவர் ஒப்பிட்டார். குடியேறிய ஊரில் கால்நடை ஆடவர் பொறுப்பாயிற்று. அயலாரோடு பேசும் மொழியும் கொடுக்கல் வாங்கலும் அவர்கள் வசமாயின. பெண்ணுக்குக் குடிசையும் உலக்கையும் பெருகிய வீட்டுவேலையும் எஞ்சின. காட்டுக் குடியிருப்பில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒன்றாக விளையாடித் திரிந்தனர். ஊரிலோ சிறுவன் மாட்டின் பின்னே தொலைவில் சென்றான். சிறுமி தாயின் அருகே வீட்டிலேயே இருந்தாள்.