இதை இடித்தது யார்?



உரோமைக்குத் திருப்பயணம் போகிற நம் மக்களின் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். புனித பேதுரு பேராலயம், இலாத்தரன், புனித மேரி மேஜர், புனித பவுல் பேராலயம், ஏதாவதொரு நிலத்தடிக் கல்லறை. கடைசியாகக் கொலோசியத்தின் முன்னால் நின்று ஒரு குழுப் படம். அந்தக் கொலோசியத்துக்கு அருகிலேயே, பாலத்தீன் குன்றுக்கும் கப்பித்தோல் குன்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடக்கிறது. உடைந்த தூண்களும் தேய்ந்த படிகளும் புல் முளைத்த அடித்தளங்களுமாக இருக்கும். வழிகாட்டி கையை நீட்டி, "அதுதான் உரோமை ஃபோரும்" என்று சொல்லி முடிப்பதற்குள் பேருந்து கிளம்பிவிடும். இன்று அந்தப் பள்ளத்துக்குள் சற்று இறங்கிப் பார்ப்போம்.

ஃபோரும் என்றால் இலத்தீனில் சந்தைவெளி, பொதுத்திடல் என்று பொருள். திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தில், கைதியாக வரும் பவுலை எதிர்கொள்ள உரோமைச் சகோதரர்கள் வந்து நின்ற ஊரின் பெயரிலும் இச்சொல் உண்டு. உரோமை ஃபோரும் முதலில் வெறும் சதுப்பு நிலம். பெரிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திபேர் ஆற்றில் வடியவிட்ட பிறகே மக்கள் கூடும் இடமாயிற்று. அந்த வாய்க்காலின் சில பகுதிகளில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

நம் ஊரில் சந்தை, நீதிமன்றம், அரசுக் கருவூலம், அரசியல் கூட்ட மேடை, கோவில் வீதி எல்லாவற்றையும் ஒரே திடலில் வைத்தால் எப்படியிருக்குமோ, அப்படி இருந்தது அந்த இடம். பேச்சாளர்கள் ஏறிப் பேசிய மேடையை, கி.மு. 338இல் வென்ற எதிரிக் கப்பல்களின் முகப்பு அலகுகளைப் பதித்து அலங்கரித்திருந்தார்கள். சிசரோ அந்த மேடையில் பேசினார். கி.மு. 43இல் எதிரிகள் அவரைக் கொன்று, அவருடைய தலையையும் கையையும் அதே மேடையில் காட்சிக்கு வைத்தார்கள். பேச்சுரிமைக்கும் அதன் விலைக்கும் ஒரே மேடை!

நாம் வேளாங்கண்ணிப் பேராலயத்தை 'பசிலிக்கா' என்கிறோமே, அந்தச் சொல்லும் அந்த உலகத்திலிருந்து வந்ததுதான். பசிலிக்கா என்பது அன்று வழக்காடவும் கொடுக்கல் வாங்கல் பேசவும் கட்டப்பட்ட நீண்ட மண்டபம். பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் கோவில் கட்டத் தொடங்கியபோது, பிற தெய்வங்களின் கோவில் வடிவத்தை விட்டுவிட்டு, எல்லாரும் உள்ளே கூடக்கூடிய இந்த மண்டபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். யூலியா பசிலிக்காவின் படிகளில் வழக்குக்குக் காத்திருந்தவர்களோ வேலையற்றவர்களோ கீறிய விளையாட்டுக் கட்டங்கள் இன்றும் இருக்கின்றன. நம் பழைய மண்டபங்களின் திண்ணைகளில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் கீறியிருப்பதுபோலவேதான். இன்னொரு செய்தி: இந்தத் திடலின் 'திருவழி' என்னும் வீதியோரம் தொமீசியன் பேரரசர் மிளகுக் கிடங்குகளைக் கட்டினார். மிளகு எங்கிருந்து போனது? முசிறித் துறைமுகத்திலிருந்து, சேர நாட்டிலிருந்து. அதற்கு விலையாக வந்த உரோமை நாணயங்கள் கோவை வட்டாரத்தில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்பயணக் குழுவோடு அங்கே போயிருந்தேன். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவந்த ஒரு பாட்டி, நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத இடிச்சது யாரு சாமி?"

நல்ல கேள்வி. சுற்றுலா நூல்களில் இதற்கு ஒரு பதில் உண்டு: காட்டுமிராண்டிகள் வந்து இடித்தார்கள். மறையுரைகளில் வேறொரு பதில் உண்டு: கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்கு இரையாக்கிய பேரரசைக் கடவுள் வீழ்த்தினார், திருச்சபை நிலைத்தது. கேட்க நன்றாயிருக்கும் இரண்டாவது பதிலைச் சொல்லிப் பீடத்திலிருந்து இறங்கிவிடலாம். ஆனால் அந்தக் கற்களின் நடுவே நின்று பார்த்தால் இரண்டுமே பொருந்துவதில்லை.

கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக் என்னும் கோத்தியத் தலைவன் உரோமையைக் கொள்ளையடித்தது உண்மை. எமிலியா பசிலிக்காவின் பளிங்குத் தரையில் பச்சைப் புள்ளிகள் காணப்படுகின்றன. தீயில் உருகித் தரையோடு ஒட்டிக்கொண்ட செப்புக் காசுகள் அவை. அந்தக் கொள்ளையின்போது எரிந்தவை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சூறையாடல் நடந்தது மூன்றே நாள். அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, 608இல்கூட ஃபோக்காஸ் பேரரசரைப் போற்றி அங்கே ஒரு தூண் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் திடலில் எழுந்த கடைசி நினைவுச்சின்னம் அது. இன்றும் நிற்கிறது.

உண்மையில் நடந்தது என்ன? ஏறக்குறைய 10 இலட்சம் பேர் வாழ்ந்த நகரம் சில பத்தாயிரம் பேராகச் சுருங்கியது. 537இல் கோத்தியர் தண்ணீர்க் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். ஆள் இல்லாத வீட்டில் முதலில் கூரை போகும், பிறகு சுவர் போகும். இது நமக்குத் தெரியாததல்ல. வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பியது, 847இல் நிலநடுக்கம் வந்தது. ஒருகாலத்தில் உலகையே ஆண்ட இடத்துக்கு 'மாட்டு மந்தை' என்று பெயர் வந்தது. பளிங்குத் தூண்களின் அடியில் மாடுகள் படுத்து அசைபோட்டன.

இயற்கை செய்தது இவ்வளவுதான். மிச்சத்தை மனிதர்கள் செய்தார்கள். பளிங்குக் கல்லைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். அதனால் இடிபாடுகளுக்கு நடுவிலேயே சூளை போட்டு, சிலைகளையும் தூண்களையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். புதிய உரோமை முழுவதும் பழைய பளிங்கைச் சுட்ட சுண்ணாம்பால் கட்டப்படுகிறதே என்று ஓவியர் இரஃபாயேல், திருத்தந்தை 10ஆம் லியோவுக்கு மடல் எழுதி வருந்தினார். பலனில்லை. 1540இல் திருத்தந்தை 3ஆம் பவுல், புதிய புனித பேதுரு பேராலயத்தின் கட்டுமானப் பொறுப்பாளர்களுக்கு ஃபோருமில் கல் எடுக்க அனுமதி கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், அதுவரை நின்றிருந்தவற்றில் பல அடித்தளம்வரை பெயர்க்கப்பட்டன.

இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அதே 1540இல், அதே திருத்தந்தைதான் இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தார். அதனால்தான் 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வந்து கால் வைத்தார். ஒரே கை, ஒரே ஆண்டு, இரண்டு ஒப்புதல்கள். இரண்டில் நமக்குப் பிடித்ததை மட்டும் படித்துவிட்டு மற்றதை மூடிவைக்க முடியாது.

எனவே பாட்டிக்கு நான் சொன்ன பதில் இது: "பாதியை நாமதான் பாட்டி இடிச்சோம். மேரி மேஜர் கோவிலுக்கு முன்னால, உச்சியில மாதா நிக்கிற பெரிய தூணைப் பாத்தோம்ல, அது இங்கேருந்து போனதுதான்." பாட்டி கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப நிக்கிறத விட்டுவச்சது யாரு?" என்றார்.

அதற்கும் பதில் நம் பக்கம்தான் இருக்கிறது. அன்டோனினுஸ் பேரரசர், இறந்துபோன மனைவி ஃபவுஸ்தினாவுக்காக 141இல் ஒரு கோவில் கட்டினார். முகப்பில் 17 மீட்டர் உயரத்தில் ஆறு தூண்கள். அவற்றின் மேல்பகுதியில் சாய்வான வெட்டுத் தழும்புகள் தெரிகின்றன. கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த அடையாளம் என்கிறார்கள். அந்தத் தூண்கள் நிற்கக் காரணம், அதற்குள் மறைச்சாட்சி புனித இலாரன்ஸ் பெயரில் நம்மவர்கள் ஆலயம் அமைத்திருந்ததுதான். அந்த ஆலயத்தின் கதவைப் பார்த்தால் சிரிப்பு வரும். தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. கதவு வைத்த காலத்தில் மண் அவ்வளவு உயரத்துக்கு ஏறியிருந்தது. பின்னாளில் தொல்லியலாளர்கள் மண்ணை அகழ்ந்துவிட்டார்கள், கதவு மேலேயே நின்றுவிட்டது.

செனட் சபை கூடிய கட்டடமும் அப்படியே. திருத்தந்தை முதலாம் ஹொனோரியுஸ் 630ஆம் ஆண்டளவில் அதைப் புனித அத்ரியான் ஆலயமாக்கினார். அதனால்தான் சுவரும் கூரையுமாக இன்று நமக்குக் கிடைக்கிறது. அதன் வெண்கலக் கதவுகள் 17ஆம் நூற்றாண்டில் இலாத்தரன் பேராலயத்துக்குப் போயின. அங்கே நடுவாயிலில் அவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் 1930களில், முசோலினியின் ஆட்சியில், பழைய செனட் சபையை மீட்கிறோம் என்று அந்த ஆலயத்தின் பீடங்களையும் அலங்காரங்களையும் அகற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 1300 ஆண்டுகள் இறைமக்கள் மன்றாடிய இடத்தில், சுவரில் சில வண்ணத் தடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆக, இடித்தவர்கள் பட்டியலில் அறிஞர்களும் உண்டு.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் நான் எப்போதும் அதிக நேரம் நிற்பேன். திருவழியின் மேட்டில் நிற்கும் தீத்து வளைவு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த தீத்துவின் நினைவாக, அவன் 81இல் இறந்தபின் எழுந்தது. வளைவின் உட்பக்கச் சிற்பத்தில் உரோமை வீரர்கள் ஏழு கிளை விளக்குத்தண்டைத் தோளில் சுமந்து போகிறார்கள். விடுதலைப் பயண நூலில், ஆண்டவர் மோசேயிடம் செய்யச் சொன்ன விளக்குத்தண்டு! அப்பத்தின் மேசையும் எக்காளங்களும்கூட அதே சிற்பத்தில் உள்ளன. வெற்றிப் பவனி அந்த வழியாக ஃபோருமுக்குள் வந்தது. சங்கிலியில் கட்டி இழுத்துவரப்பட்ட யூதத் தலைவன் கியோராவின் மகன் சீமோனை ஃபோரும் ஓரத்தில் கொன்றார்கள். அவன் செத்தான் என்ற அறிவிப்பு வந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது, பிறகே பலி செலுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். அருகிலுள்ள நிலவறைச் சிறையில்தான் புனித பேதுருவும் பவுலும் அடைபட்டிருந்தார்கள் என்பது நம் மரபு. இப்போது அதன்மேல் தச்சர்களின் புனித யோசேப்பு ஆலயம் இருக்கிறது.

எருசலேமின் அழிவைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் சொல்லும்போது, ஆண்டவர் அந்த நகரைப் பார்த்து அழுதார் என்று சொல்கிறது. அழுதவரின் சீடர்கள் பல நூற்றாண்டுகள் அதைத் தண்டனை என்று போதித்து மகிழ்ந்தார்கள். 1555இல் திருத்தந்தை 4ஆம் பவுல் உரோமை யூதர்களை மதில் சூழ்ந்த சேரிக்குள் அடைத்தார். புதிய திருத்தந்தை இலாத்தரன் பேராலயத்தைப் பொறுப்பேற்கப் பவனி போகும்போது, தீத்து வளைவை ஒட்டிய வழியை யூதர்களே அலங்கரிக்க வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். தங்கள் ஆலயத்தின் கொள்ளைப் பொருள் செதுக்கப்பட்ட கல்லுக்குத் தோரணம்! அந்த வளைவின் கீழே நடப்பதில்லை என்பது தலைமுறை தலைமுறையாக உரோமை யூதரின் வழக்கமாயிற்று. ஆண்டவரின் பாடுகளுக்காக யூத மக்கள் அனைவர்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், உரோமை யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குள் நடந்து போனது 1986 ஏப்ரல் 13 அன்று. ஃபோருமிலிருந்து அது நடந்துபோகும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க நமக்கு எத்தனை நூற்றாண்டுகள்!

அடுத்தமுறை உரோமைக்குப் போகிறவர்கள் வழிகாட்டியிடம் சொல்லி, அங்கே இரண்டு மணிநேரம் வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கல் பாவிய வழி மேடுபள்ளம், முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். தீத்து வளைவு இடைக்காலத்தில் ஒரு கோட்டைச் சுவருக்குள் சிக்கி, பக்கங்கள் சிதைந்துபோயிருந்தது. திருத்தந்தை 7ஆம் பயஸ் காலத்தில் வலதியேர் என்னும் கட்டடக் கலைஞர் அதைப் பிரித்துத் திரும்ப நிறுத்தினார். பழைய பகுதி வெண்பளிங்கு. இல்லாமற்போன பகுதிகளை அவர் வேறு வகைக் கல்லால், பழைய சிற்ப வேலையைப் போலச் செதுக்காமல் வெறுமையாகவே நிரப்பினார். அருகே போய்ப் பாருங்கள். எது தொமீசியன் காலத்துக் கல், எது 1821ஆம் ஆண்டுக் கல் என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும்.