அம்மைப்பாலும் மக்கள் நம்பிக்கையும்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழர்களின் வேர் இலங்கை மலையகத்தில் உள்ளது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பியோர் அவர்கள். மலையகத்துக்குச் சென்ற தோட்டத் தொழிலாளர்களில் பெருந்தொகையினர் மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்திக்கொண்ட பிறகே கடல் கடந்தனர். "வேண்டாம் சாமி" என்று சொல்ல அங்கே இடமில்லை. சொல்ல இடமிருக்கும்போது பெரியவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை இங்கே நோக்குவோம்.

நம்மவர்க்கு அம்மை வெறும் நோயன்று; ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகுவர், தாளிப்பை நிறுத்துவர், வெளியாள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பர். இதில் நோய் பரவாமல் காக்கும் அறிவும் உண்டு. ஆனால் ஊசி குத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்ற அச்சமும் உடன் வந்தது.

1802இல் பசுவம்மைப்பால் இந்தியாவுக்கு வந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லீசர் இந்த அச்சத்தை அறிந்தவர். பசு தரும் ஐந்து பொருள்களோடு அம்மைப்பாலை ஆறாவதாகச் சேர்த்து, பழைய நூல் போலத் தோன்றும்படி தாமே ஒன்றை இயற்றினார். எண்ணம் நல்லதுதான்; ஆனால் குட்டு வெளிப்பட்டால் உள்ள நம்பிக்கையும் போய்விடுமே!

பிற்காலத்தில் கன்றின் தோலைக் கீறி அம்மைப்பால் எடுத்தனர். கிண்டி கிங் நிலையத்திலும் இப்பணி நடந்தது. கொல்லாமையைப் போற்றும் சமணராகிய எங்களுக்கு இது தருமசங்கடமே. காந்தியடிகளும் அம்மை குத்துதலைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆகவே தயங்கியோர் எல்லோரும் படிக்காதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. எனினும் அந்த அம்மைப்பாலே 1975இல் பெரியம்மையை இந்தியாவை விட்டு விரட்டியது. 1980இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

2021க்கு வருவோம். ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மாரடைப்பால் காலமானார். "பார்த்தீங்களா, ஊசிதான் காரணம்" என்ற பேச்சு பரவியது, தயங்கியவர்கள் பலர். மத்திய அரசின் ஆய்வுக்குழு ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் கூறியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பது இதுதான்.

தீவில் வாழும் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1877இல் அந்தமானில் பரவிய தட்டம்மை, அதனை முன்பு கண்டறியாத பழங்குடியினரைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. வெளியிலிருந்து சென்றவர்களோடு சென்ற நோய் அது. கப்பலேறி வரும் நாம் ஊசி போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது, அந்த முடிவு அண்டை நிக்கோபாரியர் குடிசையையும் தொடுகிறது.

ஒரு பொருளைப் பல பக்கமிருந்தும் பார் என்பது அநேகாந்தவாதம். வீட்டுப் பெரியவர் ஊசி வேண்டாம் என்றால் அதட்ட வேண்டாம். எதற்கு அஞ்சுகிறார் என்று முதலில் கேளுங்கள். அந்த அச்சத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லிப் பதில் வாங்கித் தாருங்கள். பொய்ச்சுவடியும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம்; பொறுமையான உண்மையே போதும் என்பது என் துணிபு.