கத்திக்குப் பின் வரும் பத்து நாட்கள்

வீட்டு விலங்கின் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் பழக்கம் நல்லேப்பிள்ளி போன்ற உழவு ஊர்களுக்குப் புதிதன்று. அது அடங்கிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் வயல்களில் ஏர் இழுத்த காளைகள் எல்லாமே காயடிக்கப்பட்டவை. விதையை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நசுக்குவதே பழைய முறை. பிறகு இத்தாலியிலிருந்து வந்த பர்டிசோ இடுக்கி, தோலைக் கிழிக்காமல் உள்ளிருக்கும் விந்து நாளத்தையும் இரத்தக் குழாயையும் மட்டும் நசுக்கியது. வெளிக்காயம் இல்லாததால் புழு வைக்கும் அச்சமும் குறைந்தது. கத்தி பட்ட இடத்தில் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் பூசுவது ஊர் வைத்தியம். அதன் முதல் நோக்கம் ஈயை அண்டவிடாமல் செய்வதுதான்.

நாய்க்கு இந்தக் கவனம் கிடைக்கவில்லை. நாயால் வந்த ஆபத்து வெறிநோய். அதற்கு அரசு கண்ட வழி, நாய்களைக் கொல்வதும் கடிபட்டவருக்கு ஊசி போடுவதும். தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907-இல். அதற்கு முன் இங்கிருந்தவர்கள் மருந்துக்காக இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. சென்னை மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேல் அதைத் தொடர்ந்தது. ஆனாலும் தெருவில் நாயும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. பிடிபட்டவற்றின் இடத்தையும் உணவையும் எஞ்சியவற்றின் குட்டிகள் எடுத்துக்கொண்டன.

மாற்று வழி பிறந்ததும் சென்னையில்தான். விமானி கேப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தினரும் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, 1960-களின் நடுவிலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடத் தொடங்கியது. அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா முப்பது ஆண்டுகள் விடாமல் வாதாடிய பிறகே, 1990-களின் நடுவில், மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் முதலில் குரல் எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர்.

அறுவை மேசையில் மயக்க மருந்து கொண்டுவந்த மாற்றம் பெரிது. ஈதரும் குளோரோஃபாரமும் மூச்சையே நிறுத்தக்கூடியவை. 1960-களில் உருவான சைலசின், கீட்டமின் என்ற இரண்டும் ஊசியாகவே போடக்கூடியவை, சிறிய முகாமுக்கும் ஏற்றவை. ஆயினும் சைலசின் வாந்தி எடுக்க வைக்கும் என்பதால் நாயைப் பட்டினி போட்டே கொண்டுவர வேண்டும். மயக்கத்தில் உடற்சூடும் இறங்கும். பொமரேனியன் என்று நம்மூரில் அழைக்கப்படும் ஸ்பிட்ஸ், பக் போன்ற சிறிய நாய்களின் எடைக்கு உடற்பரப்பு மிகுதி, ஆகவே அவை வேகமாகச் சில்லிடும். நீண்ட பட்டினியால் இரத்தச் சர்க்கரையும் விழும். போர்வையால் சுற்றி, காற்று அடிக்காத இடத்தில் கிடத்தி, தானாகத் தலை தூக்கும்வரை பக்கத்தில் ஒருவர் இருப்பது அதனால்தான். தட்டை மூக்குள்ள பக்குக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. மயக்கம் முழுதாகத் தெளியும்வரை அதன் மூச்சுக்குழல் அடைபடலாம்.

ஆண் நாயின் அறுவை சிறியது: விதைப்பையை ஒட்டிய ஒரு வெட்டு, இரு விதைகள், இரு முடிச்சுகள். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டும். புண் ஆறுவதற்கு ஆகும் காலமும் அதற்கேற்பக் கூடும். இரண்டுக்கும் பொதுவான முதல் எதிரி நாக்கு. புண்ணை நக்கினால் ஆறும் என்ற நம்பிக்கை கிராமங்களில் ஆழமானது. உண்மையில் நக்குவதால் தையல் அறுந்து கிருமி உள்ளே போகிறது. கழுத்தில் மாட்டும் புனல் வடிவப் பட்டை அதைத் தடுக்கக் கண்ட வழி. சிறிய நாய்க்குப் பழைய பனியனை அணிவித்துக் கட்டினாலும் ஓரளவு பயன் உண்டு.

அன்று மாலை சிறிது தண்ணீர், பிறகு அரைவயிற்றுக் கஞ்சிச் சோறு. படியேறுவதும் திண்ணையிலிருந்து குதிப்பதும் பத்து நாட்களுக்கு வேண்டாம், குளிப்பாட்டுவதும் அப்படியே. வெளித்தையல் போட்டிருந்தால் 10 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். மனிதருக்கான பாராசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ கொடுப்பது கொடிய தவறு. சிறிய உடலுக்கு அது விஷமாகிவிடும். வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலும், சீழ் அல்லது இரத்தம் வடிந்தாலும், ஈறு வெளுத்தாலும், மறுநாளும் உண்ண மறுத்தாலும் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். ஆண் நாய் அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறனோடு இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கருத்தடைக்குப் பின் உடல் எளிதில் பருக்கும், உணவைக் குறைத்தாக வேண்டும்.

வீட்டு நாய்க்குத் திண்ணை இருக்கிறது. தெருநாய்க்குக் கூண்டுதான் வீடு. கேரளத்தில் தெருநாய்க் கருத்தடைத் திட்டம் சறுக்கியதும் இங்கேதான். மகளிர் குழுக்களின் கூட்டமைப்பான குடும்பஸ்ரீ பல மாவட்டங்களில் நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்துவந்தது. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லாததால் 2021-இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பொறுப்பு உள்ளாட்சிகளுக்கும் கால்நடைத் துறைக்கும் திரும்பியது. மையம் அமைக்க இடம் தேடிய பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். மருத்துவர் ஒருவர் ஒரு நாளில் பல அறுவைகள் செய்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நாயும் அதன் பிறகு சில நாட்கள் தனிக்கூண்டில் கிடந்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கூண்டின் தரை ஈரமாகாமல் இருப்பதும் அறுவைக்கு இணையான வேலையே.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் பாலூட்டும் தாயையும் 2023-ஆம் ஆண்டு விதிகள் விலக்குகின்றன. அறுவையோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, காதில் அடையாள வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நோயைத் தடுப்பது அந்த ஊசி. கருத்தடை எண்ணிக்கையை மட்டுமே குறைக்கும். டெல்லித் தெருநாய்கள் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய ஆணையைத் திருத்தி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்ற நாய்களைச் சிகிச்சைக்குப் பின் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. ஆகவே சித்தூர் வட்டத்து ஊராட்சிகள் திட்டப் பணம் ஒதுக்கும்போது, அறுவை மேசைக்கு முன் உலர்ந்த கூண்டுகளுக்கும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் கூலிக்கும் பணம் வைக்க வேண்டும்.