சஞ்சய்ஸ் சூப்பர் டீம்: பூசை மாடத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு சிறுவன்

‘சஞ்சய்ஸ் சூப்பர் டீம்’ அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் தயாரித்த ஏழு நிமிட அனிமேஷன் குறும்படம். 2015 நவம்பர் 25ஆம் தேதி, ‘தி குட் டைனோசர்’ படத்துடன் சேர்த்து அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. இதன் இயக்குநர் சஞ்சய் பட்டேல்.

இது பெரும்பாலும் அவரது சொந்தக் கதை. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் அவருடைய குஜராத்திப் பெற்றோர் சிறிய தங்குவிடுதி ஒன்றை நடத்தினர். தந்தை நாள் தவறாமல் பூசை செய்பவர். மகனுக்கோ கார்ட்டூன்தான் உலகம். ‘சஞ்சய்’ என்ற பெயருக்குப் பதிலாக ‘டிராவிஸ்’ என்று இருந்திருக்கக் கூடாதா என்று சிறுவயதில் ஏங்கியதாக அவரே பேட்டியில் கூறியிருக்கிறார்.

1996இல் பிக்சாரில் சேர்ந்த பட்டேல், வளர்ந்த பிறகே இந்து சமயக் கதைகளைத் தேடிப் படித்தார். கடவுளர் உருவங்களைத் தமக்கே உரிய பாணியில் வரைந்து 2006இல் நூலாகவும் வெளியிட்டார். குறும்படத்துக்கான விதை அந்த ஓவியங்களில் இருக்கிறது.

படத்தில் தந்தை பூசை மணியை அடிக்கிறார். மகன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறான். தந்தை அதை அணைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். சலிப்போடு அமர்ந்தவன் பகற்கனவில் மூழ்குகிறான். பழங்காலக் கோயில் ஒன்றில் விஷ்ணு, துர்க்கை, அனுமன் மூவரும் அவனுக்குப் பிடித்த சாகச வீரர்களைப் போல அரக்கனை எதிர்த்து நிற்கின்றனர். அரக்கன் அழிக்கப்படுவதில்லை, மணியோசையில் சாந்தமடைகிறான். கனவு கலைந்த சிறுவன் அந்தக் கடவுளரைத் தன் ‘சூப்பர் டீமாக’ வரைகிறான்.

முழுக்கக் கணினியில் உருவான படம் என்றாலும் ஒரே தோற்றத்தில் நின்றுவிடவில்லை. வீடு சாதாரணமாக, மங்கலாகத் தெரிகிறது. கனவுலகம் ஒளியும் அடர்ந்த வண்ணமுமாக, தட்டையான ஓவியத்தை நினைவூட்டுகிறது. கடவுளரின் அசைவுகளுக்கு பரதநாட்டிய முத்திரைகளும் நிலைகளும் கைகொடுத்தன. முடிவில் இயக்குநரும் தந்தையும் இருக்கும் உண்மையான புகைப்படங்கள் வருகின்றன. மைக்கேல் டேனா இசையமைத்துள்ளார்.

2016இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதுக்கு இப்படம் முன்மொழியப்பட்டது. விருதை வென்றது சிலி நாட்டின் ‘பேர் ஸ்டோரி’.

படத்தில் ஏறக்குறைய வசனமே இல்லை. தந்தையின் மணியும் மகனின் தொலைக்காட்சியும்தான் வாதாடுகின்றன. தந்தைக்காக மகன் கார்ட்டூனைத் துறக்கவில்லை. தன் கடவுளர் சாகச வீரர்களாக மாறியதற்காகத் தந்தை கோபிக்கவும் இல்லை. தனக்குப் பழக்கமான கோடுகளிலும் வண்ணங்களிலும் மகன் பரம்பரையை ஏற்றுக்கொள்கிறான். அந்த ஓவியத்தைப் பார்த்துத் தந்தை மகனை ஏற்றுக்கொள்கிறார். ஏற்பு இருபக்கமும் நடந்தால்தான் அடையாளம் பாரமாகாது என்பதை இந்த ஏழு நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. விளக்கேற்றும் நேரத்தில் பிள்ளைகளைத் திரையிலிருந்து எழுப்பப் போராடும் பெற்றோர், அவர்களோடு சேர்ந்தே பார்க்க வேண்டிய படம் இது.